பாலில்லாத சீஸ் கொழுப்பைக் குறைக்குமா?

குடியாத்தத்திலிருந்து வந்த கேள்வி, 2024 பிப்ரவரி 11

என் கணவருக்குக் கெட்ட கொழுப்பு 170ஐத் தாண்டியிருப்பதாகப் பரிசோதனையில் தெரிய வந்துள்ளது. பதினான்கு வயது மகனோ சீஸ் போடாத தோசையைத் தொடுவதே இல்லை. அவனுக்கென்று வாங்குவதில் பாதி இவர் வாய்க்குத்தான் போகிறது. பெங்களூரில் இருக்கும் என் தங்கை, பால் சீஸை நிறுத்திவிட்டுத் தாவரச் சீஸுக்கு மாறினால் கொழுப்பு தானாக இறங்கும் என்கிறாள். விலையோ இரண்டு மடங்குக்கும் மேல். இது உடம்புக்கு உண்மையிலேயே நல்லதா?

பிப்ரவரி 11, இரவு, என் பதில்

மாறலாம். நான் ஐந்து மாதங்களுக்கு முன் மாறினேன். 164ஆக இருந்த என் கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) 131க்கு இறங்கியது. காரணங்கள் மூன்று. தாவரப் பொருள்களில் கொலஸ்ட்ரால் கிடையாது. பால் சர்க்கரையான லாக்டோஸ் இல்லாததால் வயிறு உப்புவதில்லை. பால் கொழுப்பு போய்விடுவதால், கெட்ட கொழுப்பை ஏற்றும் வகையான நிறைவுற்ற கொழுப்பும் கூடவே குறைந்துவிடும்.

பிப்ரவரி 13

மேலே சொன்ன மூன்றாவது காரணம் தவறு. உறையைப் படிக்காமலேயே எழுதிவிட்டேன்.

என் மகள் பெங்களூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வரும்போதெல்லாம் அந்தச் சீஸை வாங்கி வருவாள். நேற்று அதன் உறையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் தண்ணீர், அடுத்து தேங்காய் எண்ணெய், அதற்கடுத்து மாற்றம் செய்யப்பட்ட மாவுச்சத்து, பிறகு உப்பு, சுவையூட்டி, மஞ்சள் நிறத்துக்குக் கரோட்டின். சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்த பொருளே முதலில் வர வேண்டும் என்பது விதி. ஆகவே நான் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கியது பெரும்பாலும் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும்தான். 100 கிராமில் கொழுப்பு 23 கிராம் என்றும், அதில் நிறைவுற்றது 20 கிராம் என்றும், புரதத்துக்கு நேரே பூஜ்யம் என்றும் அச்சிட்டிருந்தது.

பாலில் செய்த செடார் சீஸ் 100 கிராமில் மொத்தக் கொழுப்பு ஏறத்தாழ 33 கிராம், நிறைவுற்றது 19 முதல் 21 கிராம், புரதம் 23 கிராமுக்கு மேல். மொத்தக் கொழுப்பு பால் சீஸில் கூடுதல்தான். ஆனால் கெட்ட கொழுப்பை ஏற்றுவதில் முதற்பங்கு வகிக்கும் நிறைவுற்ற கொழுப்பு இரண்டிலும் ஏறக்குறைய சமம். பால் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது; தேங்காய் எண்ணெயிலோ அது நூற்றுக்கு எண்பதைத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு. 2000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். இரண்டில் எதை 100 கிராம் தின்றாலும் அந்த நாளின் கணக்கு அத்துடன் ஏறத்தாழ முடிந்துவிடும்.

கொலஸ்ட்ரால் இல்லை என்ற முதற்காரணம் பொய்யல்ல, ஆனால் அதற்கு நான் கொடுத்த எடை பொய். 20 கிராம் பால் சீஸ் துண்டு ஒன்றில் இருக்கும் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 20 மில்லிகிராம். ஒரு கோழி முட்டையில் அதைப்போல் எட்டொன்பது மடங்கு உண்டு. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே ஆக்குகிறது. நாளைக்கு 300 மில்லிகிராம் என்றிருந்த பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டிக் குழுவினர் 2015இல் எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 14

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் பழைய கேலி எல்லோருக்கும் தெரியும்: ஆறு உண்டு, நீர் இல்லை; கோட்டை உண்டு, அரசன் இல்லை; கோயில் உண்டு, சாமி இல்லை. அந்தப் பட்டியலில் “சீஸ் உண்டு, பால் இல்லை” என்று சேர்த்துக்கொள்ளலாம் என ஆற்காட்டு நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். சலகண்டேசுவரர் 1981இலேயே கோட்டைக்குள் திரும்ப எழுந்தருளிவிட்டார் என்பதை அவருக்கு நினைவூட்டுகிறேன். மற்ற இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன.

பிப்ரவரி 20

இன்று இரண்டாவது காரணமும் விழுகிறது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாச் சீஸையும் ஒதுக்க வேண்டியதில்லை. பாலைத் திரியவைத்துச் சீஸ் செய்யும்போது லாக்டோஸில் பெரும்பங்கு வடியும் நீரோடு போய்விடுகிறது. கட்டியில் தங்கும் கொஞ்சத்தையும் நுண்ணுயிர்கள் தின்று அமிலமாக்கிவிடுகின்றன. பல மாதம் பழுக்கவைத்த செடார், பார்மிசான் போன்ற கெட்டிச் சீஸ்களில் லாக்டோஸ் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. டம்ளர் பால் குடித்தால் வயிறு இரையும் என் மைத்துனர், தயிர்ச் சோற்றை இரண்டு கை கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாமல் இருப்பதன் காரணமும் இதை ஒத்ததே: உறை ஊற்றிய பாலில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி முன்பே செரித்துக் கிடக்கிறது.

ஆனால் பால் ஒவ்வாமை என்பது முற்றிலும் வேறு. அது சர்க்கரையால் வருவதல்ல. கேசீன் முதலான பால் புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதுவதால் வருவது. அப்படிப்பட்ட குழந்தைக்கு ஒரு சிறு துண்டுகூட ஆபத்தாகலாம். பழுக்கவைத்த சீஸிலும் கேசீன் இருக்கத்தான் செய்கிறது. தாவரச் சீஸின் நன்மை ஐயத்துக்கு இடமில்லாமல் விளங்குவது இங்கேதான். அதே மூச்சில் சொல்ல வேண்டியது: தாவரச் சீஸ் முந்திரியிலும் செய்யப்படுகிறது, முந்திரி ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள். “பால் இல்லை” என்ற சொல்லைப் பார்த்த நிம்மதியில் பட்டியலின் மீதியைப் படிக்காமல் விடுவது, நான் பிப்ரவரி 11 அன்று செய்ததை ஒரு குழந்தையின் உடம்பில் செய்வதாகும்.

மார்ச் 3

மூன்று காரணங்களும் இப்படிக் கரைந்த பிறகு 164 எப்படி 131 ஆயிற்று என்ற கேள்வி இரண்டு வாரங்களாக என்னைக் குடைந்தது. நேற்று என் மனைவியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “மாலையில் பேக்கரிக்குப் போவதை எப்போது நிறுத்தினீர்கள்?” என்று கேட்டார்.

உண்மைதான். கடந்த செப்டம்பரில் மருத்துவர் கண்டித்தபோது நான் சீஸை மட்டும் மாற்றவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் தினமும் தின்றுகொண்டிருந்த எக் பப்ஸை நிறுத்தினேன். அதன் மேல்தோலை இரண்டு விரலால் பிட்டால் விரலில் ஒட்டுவது வனஸ்பதிப் பளபளப்பு. தோல் அடுக்கடுக்காக உதிர்வதற்கே அந்தக் கொழுப்புதான் காரணம். ஞாயிறுதோறும் ஆம்பூரிலிருந்து வரவழைத்த பிரியாணி மாதம் ஒரு முறையானது. காலையில் கோட்டை அகழியை ஒட்டி நாற்பது நிமிடம் நடக்கத் தொடங்கினேன், மூன்று கிலோ இறங்கினேன். இத்தனைக்கும் நடுவில் வாரத்துக்கு நான்கு துண்டுச் சீஸ் மாறியிருந்தது. புகழை முழுக்க அந்த நான்கு துண்டுகளுக்குச் சூட்டிவிட்டேன், ஏனென்றால் அவற்றுக்குத்தான் அதிகப் பணம் கொடுத்திருந்தேன்.

மார்ச் 4

வேறு பேக்கரிக்கு மாறிவிட்டேனா என்று கேட்கிறார்கள். இல்லை, வேறு பேக்கரியிலும் சாப்பிடுவதில்லை.

மார்ச் 9

வாலாஜாபேட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். என் பேச்சைக் கேட்டு அவரும் மாறியிருந்தார். பால் சீஸில் மாவுச்சத்து அநேகமாக இல்லை. தாவரச் சீஸ் கெட்டியாக நிற்பதே உருளைக்கிழங்கு அல்லது மரவள்ளி மாவினால்தான், ஆகையால் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் மாவுச்சத்து வந்துவிடுகிறது. ஒரு துண்டில் நான்கு கிராம் என்பது பெரிய கேடு அல்ல. ஆனாலும் அவர் விட்டுக்கொடுத்தது புரதத்தை, வாங்கிக்கொண்டது மாவை. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, “நீதானே மாறச் சொன்னாய்” என்று கேட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 24

எண்ணெய்க் கட்டியை விட்டுவிட்டுக் கொட்டைகளில் செய்வதைப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

கால் கிலோ முந்திரியை ஆறு மணி நேரம் ஊறவைத்து, மிக்சியில் சந்தனம்போல் அரைத்தேன். பழைய சோற்றின் நீராகாரத்தில் ஒரு கரண்டி கலந்து, பாத்திரத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி இரவு முழுக்க வைத்தேன். காலையில் மேலே சிறு குமிழிகளும், தயிருக்கும் இட்லி மாவுக்கும் இடைப்பட்ட ஒரு புளித்த மணமும் இருந்தன. வெந்நீரில் கடல்பாசியைக் கரைத்துக் கொதிக்கவைத்து, உப்போடு சேர்த்துக் கிளறி, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். மாலையில் கவிழ்த்தபோது முழுக்கட்டியாக வந்து விழுந்தது. கத்தி வைத்தால் வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட்டது.

சுவை நன்றாகவே இருந்தது, ஆனால் சீஸின் சுவை அல்ல. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் புளிப்பேறிய முந்திரிச் சட்னி என்றுதான் சொல்வீர்கள். தோசைமேல் துருவிப் போட்டபோது நூல் இழுக்கவில்லை. கல்லின் சூட்டில் கடல்பாசி இளகி ஓரத்தில் நீர் விட்டது. கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய்ச் சீஸும் இந்தச் சோதனையில் தேறியதல்ல: முதலில் அசையாமல் கிடக்கும், பிறகு மாவு ஓர் இடத்திலும் எண்ணெய் ஓர் இடத்திலுமாகப் பிரியும். பால் சீஸ் நூலாக இழுபடுவது கேசீன் புரதங்கள் பின்னிக்கொண்டிருக்கும் விதத்தால். அந்தப் பின்னல் மாவுக்கு வராது.

ஆனால் கணக்கு மனத்துக்கு நிறைவாக இருந்தது. 100 கிராம் முந்திரியில் கொழுப்பு 44 கிராம் என்றாலும் நிறைவுற்றது 8 கிராம் அளவே. புரதம் 18 கிராம். என் கட்டியில் பாதி தண்ணீர் என்று கொண்டால், 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம், புரதம் 9 கிராம். கடைச் சீஸின் 20 கிராமோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு. தாவரச் சீஸ் இதயத்துக்கு நல்லது என்று சொல்பவர் இந்த வகையைச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். கேடு என்னவென்றால், கடைக்குப் போனால் கிடைப்பது பெரும்பாலும் அந்த வகைதான், இந்த வகை அல்ல.

ஏப்ரல் 2

சுண்ணாம்புச் சத்தைப் பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள். செடார் 100 கிராமில் கால்சியம் 700 மில்லிகிராம் அளவில் உண்டு. தாவரச் சீஸில் உற்பத்தியாளர் சேர்த்தால் உண்டு, சேர்க்காவிட்டால் இல்லை. என் வீட்டு முந்திரிக் கட்டியில் பேருக்குத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் பெரியவர்களுக்கான அளவை நாளைக்கு 600இலிருந்து 1000 மில்லிகிராமாக உயர்த்திவிட்டது. நம் பக்கத்துக் கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் தரும் என்பதால், களியும் கூழும் இன்னும் வழக்கத்தில் இருக்கும் வீட்டில் சீஸ் போனதற்காகக் கலங்க வேண்டியதில்லை. கேழ்வரகில் இருப்பது முழுவதையும் உடல் ஈர்த்துக்கொள்வதில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது பி12 பற்றி. அது தாவரங்களில் இல்லை. மீன், முட்டை, இறைச்சி உண்ணாத வீட்டில் பால், தயிர், மோர், சீஸ் ஆகியவையே அதன் வாயில்கள். கல்லீரலில் இருப்பு இருப்பதால் நிறுத்திய பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தே குறை தெரியும். அதற்குள் கால் மரத்துப்போதல் தொடங்கிவிடக்கூடும். நீராகாரத்தில் பி12 நிறைந்து கிடக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

ஏப்ரல் 7

கட்சி மாறிவிட்டேன் என்று குற்றச்சாட்டு. கட்சியே இல்லை, ஆனால் மேலும் ஒரு செய்தி என்னை இன்னும் பால் சீஸின் பக்கம் தள்ளுகிறது. ஒரே அளவு பால் கொழுப்பை வெண்ணெயாகத் தின்றவர்களையும் சீஸாகத் தின்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், சீஸ் தின்றவர்களுக்கு எல்.டி.எல். குறைவாகவே இருந்திருக்கிறது. சீஸிலுள்ள கால்சியம் குடலில் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து சோப்புப்போல் கரையாத பொருளாகி வெளியேறுவது அதற்கு ஒரு விளக்கம். தேங்காய் எண்ணெய்க்கு அப்படியொரு சலுகை கிடைக்கவில்லை: 2020இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 16 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மற்றச் சமையல் எண்ணெய்களைவிட அது எல்.டி.எல்.லைப் பத்து புள்ளி அளவுக்கு ஏற்றுவதாகக் கண்டது. எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும் பொருள், ஆகவே மார்கழி விடியலில் மட்டும்தான் வெள்ளையாகும். வேலூர் வெயிலில் மற்ற நாளெல்லாம் நீராய் ஓடுவதைப் பார்த்தே அதை “லேசான” எண்ணெய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 12

முந்திரி கிலோ தொள்ளாயிரம் ரூபாய். ஆகவே மணிலாக்கொட்டையில், அதாவது வேர்க்கடலையில், முயன்றேன். 100 கிராமில் 25 கிராம் புரதம், நிறைவுற்ற கொழுப்பு 7 கிராம் அளவு, வட ஆற்காட்டு மண்ணில் விளைவது, விலை மலிவு. தாளில் எல்லாம் அழகாக இருந்தது.

கத்திரி வெயில் என்பதை மறந்தேன். மார்ச்சில் வைத்த அதே கணக்கில் இரவு முழுக்க வைத்தேன். நடு இரவில் மின்சாரம் வேறு போய்விட்டது. காலையில் துணி மேலே உப்பிக்கொண்டிருந்தது. அவிழ்த்தபோது வந்த மணம் புளிப்பு அல்ல, ஈரத் துணி மணம். ஓரத்தில் நாணய அளவில் இளஞ்சிவப்பாக ஒரு படலம். நிறம் மாறிய பகுதியை வழித்தெறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். மொத்தமும் குப்பைக்குப் போனது. இந்த வெயிலில் ஐந்து மணி நேரமே போதும். அதற்குமேல் குளிர்பதனப் பெட்டிதான்.

இன்னொன்று. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த மணிலாக்கொட்டையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது கல்லீரலைக் கெடுப்பது, அதன் பி1 வகை மனிதர்களுக்குப் புற்றுநோய் தருவது என உறுதியாக வகைப்படுத்தப்பட்டது. அடுப்பில் கொதிக்கவைப்பதால் அழியாது. சுருங்கியது, நிறம் மங்கியது, கசப்பது எதுவானாலும் ஊறவைக்கும் முன்பே பொறுக்கிவிட வேண்டும். என் அம்மா முறத்தில் போட்டுப் பொறுக்கியதைப் பழைய காலத்துப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 16

பெயரைப் பற்றிய சண்டையை நான் வளர்க்க விரும்பவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2017லும், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021லும், பாலில் செய்யாததைப் பால், சீஸ் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. தேங்காய்ப் பால் போன்ற, முன்பே வழக்கிலிருக்கும் பெயர்களுக்கு நம் ஆணையம் விலக்கு அளித்தது, இல்லாவிட்டால் ஆப்பத்துக்கு எதை ஊற்றுவது? பெயர் எதுவானாலும் உறையைத் திருப்பி இரண்டைப் பாருங்கள்: நிறைவுற்ற கொழுப்பு எத்தனை, புரதம் எத்தனை. புரதம் பூஜ்யமென்றால் அது எண்ணெய்க் கட்டி. உப்பையும் பாருங்கள், உப்பு விஷயத்தில் இரு தரப்பும் நிரபராதிகள் அல்லர்.

ஜூலை 7

ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் இறுதிவரை ஒரு காரியம் செய்தேன். நடை, பப்ஸ் விரதம், மாதமொரு பிரியாணி ஆகியவற்றில் கைவைக்காமல், வாரத்துக்கு நான்கு துண்டு தாவரச் சீஸை மட்டும் நிறுத்திவிட்டு அதே அளவு பால் சீஸுக்குத் திரும்பினேன். நேற்று முன்தினம் முடிவு வந்தது: எல்.டி.எல். 134. அதாவது 131இலிருந்து மூன்று புள்ளி. ஒரே ஆளுக்கு இரண்டு வெவ்வேறு நாள்களில் இரத்தம் எடுத்தாலே இதைவிடக் கூடுதலாக மாறும். ஒற்றை ஆளின் கணக்கு எதையும் நிறுவாது என்று சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன்.

குடியாத்தம் சகோதரிக்கு: மகனுக்குப் பால் ஒவ்வாமை இல்லையென்றால் அவனுக்குப் பால் சீஸே இருக்கட்டும், வாரம் இரண்டு மூன்று துண்டு. வளரும் பிள்ளைக்கு அதில் புரதமும் கால்சியமும் இருக்கின்றன. கணவருக்கு இரட்டிப்பு விலையில் தேங்காய் எண்ணெய்க் கட்டி வாங்க வேண்டாம். அவர் தோசைக்கு முந்திரியோ மணிலாக்கொட்டையோ அரைத்த சட்னி போதும். 170 என்பது துண்டுச் சீஸால் மட்டும் வந்திருக்காது. மாலையில் எங்கே போகிறார் என்று விசாரியுங்கள். மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் அதை எந்தச் சீஸுக்காகவும் நிறுத்த வேண்டாம்.

ஜூலை 8

மார்ச் 24 குறிப்பில் கடல்பாசி எவ்வளவு என்று எழுதவில்லையாம். கால் கிலோ முந்திரிக்கு, தூளாக இருந்தால் இரண்டு தேக்கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீரில். நன்றாகக் கொதிக்க வேண்டும். கொதி வராமல் இறக்கினால் கட்டியாகாது, கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டியிருக்கும். அப்படியும் ஒருமுறை சாப்பிட்டோம்.